எல்லாரும் ஹோமைக் காட்டினார்கள்

பொண்ணுங்களா, கிளப்பில் புதிதாகச் சேர்ந்த நீங்கள் எல்லாரும் போன ஞாயிற்றுக்கிழமை என்னைச் சுற்றி உட்கார்ந்துகொண்டு ஒரே கேள்வியைத்தான் கேட்டீர்கள். "ஹாலில் உங்க போட்டோ மாட்டியிருக்குன்னு சொல்றாங்க. அந்தப் போட்டோவில் நீங்க எங்கேம்மா இருக்கீங்க?" அன்றைக்குச் சிரித்துவிட்டுப் போய்விட்டேன். எழுதிக் கொடுங்கள் என்று பின்னாலேயே வந்து கேட்டீர்கள். நான் மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள். எழுத்துக் கூட்டித்தான் எழுதுவேன், ஆறு நாள் ஆகியிருக்கிறது. நீங்களும் அவசரப்படாமல் படியுங்கள்.

மட்டையை எப்படிப் பிடிக்கிறது, காலை எங்கே வைக்கிறது, அதெல்லாம் உங்கள் கோச் சொல்லுவார். என்னைவிட நன்றாகவே சொல்லுவார். நான் அவுட்ஃபீல்டில் நின்றவள். சென்டர் ஃபீல்ட். மைதானத்தின் கோடியில், புளியமரத்துக்கு முன்னால், எல்லாருக்கும் பின்னால். அங்கே நிற்கிறவளுக்கு ஒன்றரை மணி நேரம் வேலையே இருக்காது. பிறகு இரண்டு நிமிஷம்கூட இல்லை, இரண்டு மூச்சு விடுகிற நேரத்துக்கு மொத்த ஆட்டமும் அவள் கையில் வந்து உட்காரும். அந்த இரண்டு மூச்சைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

நான் சித்தாள் வேலை பார்த்தவள் என்று உங்களுக்குத் தெரியும். அறுபதுகளின் கடைசி. தாம்பரத்துக்கு இந்தப் பக்கம் அப்போதுதான் வரிசையாகக் கட்டடம் எழும்பிக்கொண்டிருந்தது. நம்முடைய இந்த ஆசிரியர் பயிற்சிப் பள்ளிக்கு இரண்டாவது மாடி கட்டினார்கள். செங்கல்லைத் தலையில் சுமந்து ஏறினால் நாள் முழுக்க ஆகும் என்று சாரத்தில் தட்டுத் தட்டாக ஆளை நிறுத்திவிடுவார் மேஸ்திரி. கீழே இருக்கிறவள் எறிவாள், நடுவில் நிற்கிறவள் பிடித்து மேலே எறிவாள், மேலே நிற்கிறவள் பிடித்து அடுக்குவாள். உள்ளங்கையில் சைக்கிள் டியூபை வெட்டிக் கட்டிக்கொள்வோம். நான் நடு ஆள். பிடிக்கிறபோதே கையைப் பின்னால் இழுத்துக்கொள்ள வேண்டும், இல்லையென்றால் மணிக்கட்டு போய்விடும்.

அந்த வேலைக்கு ஒரு சட்டம் உண்டு. கலவை மிஷின் ஓடுகிற சத்தத்தில் வாயால் சொல்கிறது எதுவும் கேட்காது. அதனால் மேலே நிற்கிறவள் உன் கண்ணைப் பார்க்காமல் நீ கல்லை விடக் கூடாது. கத்தினாலும் விடக் கூடாது, மேஸ்திரி திட்டினாலும் விடக் கூடாது. கண் பார்த்தால்தான் கல். ஒருத்தி அந்தப் பக்கம் திரும்பின நேரத்தில் கல்லை விட்டு, அவள் தாடை உடைந்ததை நான் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். அந்தச் சட்டம் எனக்கு எலும்பில் ஏறிப்போனது.

பள்ளிக்கூடத்தின் விளையாட்டு டீச்சர் எங்களைத் தினமும் பார்த்துக்கொண்டே போவார். எல்லாரும் அவரை மிஸ் என்றுதான் கூப்பிடுவோம், நானும் அப்படியே எழுதுகிறேன். ஒல்லியாக, வெள்ளைப் புடவை, கழுத்தில் ஒரு விசில். ஒருநாள் சாரத்துக்குக் கீழே நின்று அண்ணாந்து பார்த்தார். நான் பிடித்த கல்லை எண்ணிக்கொண்டிருந்தாராம்.

"கன்னியம்மா, ஒண்ணுகூடக் கீழே விடலையேம்மா நீ."

"விட்டா கீழே இருக்கிறவ மண்டை உடைஞ்சிரும் மிஸ்."

"சனிக்கிழமை சாயங்காலம் மைதானத்துக்கு வா. கல்லுக்குப் பதிலாப் பந்து தர்றேன்."

மேஸ்திரி கேட்டுவிட்டுச் சிரித்தார். "இன்னாமே, பந்தாடப் போறியா? அப்பாலே கலவை யாரு, அந்த டீச்சரம்மாவா போடுவாங்க?" சிரிக்கட்டும் என்று போனேன்.

அப்போது நம் பக்கத்தில் சாஃப்ட்பால் என்றால் யாருக்கும் தெரியாது. பேஸ்பாலுக்குத் தங்கச்சி என்று மிஸ் சொல்வார். எனக்கு அக்காவையும் தெரியாது, தங்கச்சியையும் தெரியாது. பந்து மேலே வந்தால் எங்கே விழும் என்று மட்டும் தெரியும். கிளவுஸ் மொத்தம் ஐந்துதான். எனக்கு ஒன்று கிடைத்தது, டியூப் துண்டைவிடச் சொகுசாக இருந்தது.

அணியில் இருந்தவர்கள் எல்லாரும் படித்தவர்கள். டீச்சர், டைப்பிஸ்ட், போஸ்ட் ஆபீசில் வேலை பார்க்கிறவள். கேப்டன் குரோம்பேட்டையில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். கேட்சரும் அவர்தான், மட்டை பிடிக்கிறவளுக்குப் பின்னால், ஹோமில், முகமூடி போட்டு உட்கார்ந்திருப்பார். மட்டை பிடித்தவள் மூன்று பேஸையும் சுற்றி ஓடி அந்த ஹோமைத் திரும்ப வந்து தொட்டால் ஒரு ரன். நல்ல ஆட்டக்காரி, வாய் மட்டும் அரிவாள். செகண்ட் பேஸில் ஸ்டெல்லா. பல்லாவரத்துப் பொண்ணு, டைப்பிஸ்ட், யாரோடும் அதிகம் பேச மாட்டாள்.

முதல் மேட்சில் நான் என்ன செய்தேன் என்று சொல்லிவிடுகிறேன். மறைக்கிறதுக்கு ஒன்றும் இல்லை.

மூன்றாவது பேஸில் எதிராளி ஒருத்தி நிற்கிறாள். பந்து உயரமாக என்னிடம் வந்தது. பிடித்துவிட்டேன். சுற்றி நின்றவர்கள் கை தட்டினார்கள். பந்தைப் பிடித்த பிறகு மூன்றாவது பேஸில் நிற்கிறவள் ஹோமுக்கு ஓடலாம் என்று ஆட்டத்தில் இருக்கிறது. அவள் ஓடினாள். கேப்டன் இரண்டு கையையும் நீட்டி, "எறிடீ! எறிடீ!" என்று கத்துகிறார். ஆனால் அவர் கண் என் மேல் இல்லை. ஓடி வருகிறவள் மேல் இருந்தது. என் கை மேலே போய் அப்படியே நின்றுவிட்டது. பார்க்கட்டும், பார்க்கட்டும் என்று பந்தை வைத்துக்கொண்டு நிற்கிறேன். அவள் ஹோமைத் தொட்டுவிட்டு, எங்கள் பக்கம் திரும்பி நின்று முந்தானையால் வியர்வையும் துடைத்தாயிற்று. அந்த ஒரு ரன்னில் தோற்றோம்.

கேப்டன் முகமூடியைக் கழற்றிக்கொண்டு மைதானத்தைக் கடந்து என்னிடம் நடந்தே வந்தார். அவ்வளவு தூரம் நடந்தும் கோபம் குறையவில்லை.

"ஏண்டி, பந்தை வெச்சு வீடு கட்டப் போறியா?"

"நீங்க என்னைப் பார்க்கலையேக்கா."

"உன்னை எதுக்குடி பார்க்கணும்? நீ என்ன சினிமா ஸ்டாரா?"

எல்லாரும் சிரித்தார்கள். ஸ்டெல்லா மட்டும் சிரிக்கவில்லை. பிறகுதான் தெரிந்தது, அவளுக்கு கேப்டன் சொன்னது கேட்கவே இல்லை.

மிஸ் என்னைத் திட்டவில்லை. மறுநாள் ஒரு காலிச் சுண்ணாம்பு டின்னை ஹோமில் வைத்தார். "கன்னியம்மா, சாரத்தில் பிடிக்கிறவளுக்கு ஆபத்து, அதனால கண்ணைப் பார்த்து எறிஞ்சே. சரி. இங்க கேட்சர் மூஞ்சியில முகமூடி இருக்கு, கையில கிளவுஸ் இருக்கு. அவ கண்ணு ஓடி வர்றவளோடது. நீ ஆளுக்கு எறியாதே, இடத்துக்கு எறி. இந்த டின்னுக்குக் கண்ணே கிடையாது, எறி பார்க்கலாம்."

எறிந்தேன். தினமும் வேலை முடிந்து எறிந்தேன். முதலில் டின்னுக்கும் எனக்கும் சம்பந்தமே இல்லை. ஒரு மாதத்தில் பத்துக்கு மூன்று, பிறகு பத்துக்கு எட்டு. டங்கென்று சத்தம் கேட்டால் ரோட்டில் பஸ்ஸுக்கு நிற்கிறவர்கள் திரும்பிப் பார்ப்பார்கள். அந்த டின் கடைசியில் பணியாரச் சட்டி மாதிரிக் குழி குழியாக ஆகிவிட்டது. பழைய சட்டத்தை உடம்பிலிருந்து எடுக்க அத்தனை எறி எறிய வேண்டியிருந்தது. உங்களில் யாராவது ஒரே தப்பைத் திரும்பத் திரும்பச் செய்தால் உங்களுக்குப் புத்தி இல்லை என்று நினைக்காதீர்கள். வேறு எங்கேயோ சரியாக இருந்த ஒன்றை இங்கே கொண்டுவந்திருப்பீர்கள். எங்கேயிருந்து என்று பாருங்கள்.

கட்டட வேலை முடிந்தது. மேஸ்திரி ஆட்களை எல்லாம் படப்பைக்கு வேறு வேலைக்குக் கூட்டிப்போனார். நானும் போயிருந்தால் இந்தக் கதை இங்கேயே முடிந்திருக்கும். மிஸ் பள்ளியின் கரெஸ்பாண்டென்டிடம் போய்ப் பேசி, மைதானத்தைப் பெருக்க, தண்ணீர் தெளிக்க, சுண்ணாம்புக் கோடு போட என்று ஆறு மாதத்துக்கு எனக்கு ஒரு தற்காலிக வேலை வாங்கினார். ஆறு மாதம் முடிகிறபோது கரெஸ்பாண்டென்ட் மைதானத்துக்கே வந்தார். நல்ல மனுஷன்தான். ஆனால் எதையும் முகத்துக்கு நேராகச் சொல்லுவார்.

"மிஸ், மைதான வேலைக்கு ஒரு ஆம்பளை ஆள் போதும். இந்தம்மா பந்தாடுதுன்னு நீங்க வெச்சிருக்கீங்க. சரி. மாவட்டக் கோப்பை அடுத்த வாரம். ஜெயிச்சா நிரந்தரமாப் போட்டுடறேன். தோத்தா நீங்க என்கிட்ட வந்து நிக்கக் கூடாது."

நான் கையில் சுண்ணாம்பு வாளியோடு அங்கேயேதான் நின்றேன். என்னை யாரும் ஒன்றும் கேட்கவில்லை. அன்றைக்கு நான் போட்ட கோடு கோணலாக இருந்தது, அழித்துவிட்டு மறுபடி போட்டேன். படப்பைக்குத் திரும்பிப் போக எனக்கு வெட்கம் இல்லை. செங்கல் எனக்கு மரியாதையான வேலைதான். ஆனால் அந்தப் புளியமரத்துக்கு முன்னால் நிற்கிற இடம் என்னுடையது என்று எனக்குத் தோன்றிவிட்டது. என்னுடையது என்று வாழ்க்கையில் தோன்றின முதல் இடம்.

அந்த வாரம் இன்னொன்றையும் கண்டுபிடித்தேன். ஸ்டெல்லாவுக்கு இடது காது கேட்காது. சின்ன வயசில் காய்ச்சல் வந்து போனதாம். வலது காதும் அரைகுறைதான். வெளியே தெரிந்தால் அணியில் வைக்க மாட்டார்கள் என்று மறைத்துவைத்திருந்தாள். மந்தம் என்று எல்லாரும் அவளைச் சொல்லுவார்கள். எனக்கு எப்படித் தெரிந்தது? பந்து என்னிடம் வருகிற ஒவ்வொரு தடவையும் அவள் ஒருத்திதான் திரும்பி என் கண்ணைப் பார்ப்பாள். கலவை மிஷின் ஓடுகிற இடத்தில் நிற்கிறவள் மாதிரி. தண்ணீர்ப் பானைக்குப் பக்கத்தில் மெதுவாகக் கேட்டேன், "ஏம்மா, காது கேட்காதா உனக்கு?" என் வாயைப் பார்த்தே புரிந்துகொண்டாள்.

"அக்கா, கேப்டன்கிட்ட சொல்லிடாதீங்க."

"சொல்ல மாட்டேன். நீ பார்த்துக்கிட்டே இரு, அது போதும்."

கோப்பைக்கான கடைசி ஆட்டம் நம் மைதானத்திலேயே நடந்தது. எதிரணி பட்டணத்திலிருந்து மின்சார ரயிலில் வந்து இறங்கினார்கள். ஒரே மாதிரிச் சட்டை, ஒரே மாதிரித் தொப்பி. ஆளுக்கு ஒரு கிளவுஸ். நம் பக்கம் வேடிக்கை பார்க்க நல்ல கூட்டம். பழைய சாரத்து ஆட்கள் நாலு பேர் படப்பையிலிருந்து பஸ் பிடித்து வந்திருந்தார்கள். பேண்ட் போட்டு மேஸ்திரி மாதிரி நின்ற என்னைப் பார்த்துவிட்டு, "தோ பாரு, நம்ம மேஸ்திரி நிக்குது!" என்று ஒருத்தி கத்தினாள். கூட்டமே சிரித்தது. நானும் சிரித்தேன்.

ஒரு சட்டத்தை இங்கே சொல்ல வேண்டும். உங்களுக்குத் தெரியும், வீட்டில் இதை வாங்கிப் படிக்கிற உங்கள் அம்மாவுக்குத் தெரியாது. அடித்த பந்து தரையில் விழுந்துவிட்டால், முதல் பேஸில் நிற்கிறவள் செகண்டுக்கு ஓடித்தான் ஆக வேண்டும். அவள் போய்ச் சேருவதற்கு முன்னால் பந்து செகண்டுக்குப் போய்விட்டால் அவள் அவுட். அது மூன்றாவது அவுட்டாக இருந்தால், அந்த நேரத்தில் வேறு ஒருத்தி ஹோமைத் தொட்டிருந்தாலும் அந்த ரன் செல்லாது.

கடைசி இன்னிங்ஸ். நாங்கள் ஒரு ரன் கூடுதலாக இருக்கிறோம். எதிரணியில் இரண்டு பேர் அவுட். ஒருத்தி மூன்றாவது பேஸில், ஒருத்தி முதல் பேஸில். இன்னும் ஒரே ஒரு அவுட். சேலையூர்ப் பக்கமிருந்து பயிற்சி விமானம் ஒன்று தாழ்வாக வந்தது. அது எப்போதும் வருகிறதுதான், நாங்கள் நிமிர்ந்துகூடப் பார்க்க மாட்டோம். அது தலைக்கு மேலே வருகிற அந்த நேரம் பார்த்து அவள் அடித்தாள்.

பந்து நல்ல உயரம், ஆனால் தூரம் இல்லை. எனக்கு முன்னால், செகண்ட் பேஸுக்குப் பின்னால் விழப் போகிறது. ஓடினேன். ஓடும்போதே தெரிந்துவிட்டது, இரண்டடி தள்ளி விழும். பாய்ந்தால் பிடிக்கலாம். பிடித்தால் ஆட்டம் முடிந்தது, என்னைத் தோளில் தூக்குவார்கள். பிடிக்காவிட்டால் பந்து என்னைத் தாண்டிப் புளியமரம் வரைக்கும் போகும், இரண்டு பேரும் ஹோமுக்கு வந்துவிடுவார்கள். கல்லாக இருந்தால் பாய மாட்டேன். பந்துக்கு மட்டும் எதற்குப் பாயணும்? நின்றேன். பந்து தரையில் பட்டு எகிறி என் கிளவுஸுக்குள் வந்து உட்கார்ந்தது. கூட்டம் வாயைப் பிளந்து அய்யோ என்பது தெரிகிறது, கேட்கவில்லை. விமானச் சத்தம் எல்லாவற்றையும் விழுங்கிவிட்டது.

நிமிர்ந்து பார்க்கிறேன். மூன்றாவது பேஸ்காரி ஹோமுக்கு ஓடுகிறாள். கேப்டன் இரண்டு கையாலும் ஹோமைக் காட்டிக் குதிக்கிறார். பந்து போடுகிற பிட்சர் ஹோமைக் காட்டுகிறாள். கோட்டுக்கு வெளியே உட்கார்ந்திருந்த நம் ஆட்கள் எல்லாரும் எழுந்து ஹோமைக் காட்டுகிறார்கள். கரெஸ்பாண்டென்ட்கூட நாற்காலியை விட்டு எழுந்து ஹோமைக் காட்டுகிறார். கேப்டன் கண் வழக்கம்போல ஓடி வருகிறவள் மேல். இடத்துக்கு எறி என்று மிஸ் சொன்னது ஞாபகம் வந்தது. டின் ஞாபகம் வந்தது. கை மேலே போனது.

அப்போதுதான் நடுவில் ஸ்டெல்லாவைப் பார்த்தேன். மற்ற எல்லாருக்கும் அந்த நேரம் காது போய்விட்டது, அவளுக்கு மட்டும் ஒன்றும் மாறவில்லை. செகண்ட் பேஸ் மேல் ஒரு காலை வைத்து, கிளவுஸை நெஞ்சுக்கு நேரே விரித்து, என் கண்ணையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஏன் பார்க்கிறாள் என்று அவளுக்குப் பின்னால் பார்த்தேன். முதல் பேஸ்காரி பாதி வழியில் நிற்கிறாள்! நான் பிடித்துவிடுவேன் என்று நினைத்து நின்றுவிட்டாள். அவர்களுடைய கோச் ஓடு ஓடு என்று கத்துகிறார், விமானத்துக்கு முன்னால் அவர் யார்? பந்து தரையில் விழுந்ததைப் பார்த்துவிட்டு அப்போதுதான் ஓட ஆரம்பித்தாள்.

ஹோமுக்கு எறிந்தால், பந்தைப் பிடித்து அதோடு ஓடுகிறவளைக் கேப்டன் தொட வேண்டும். தொடலாம், தொடாமலும் போகலாம். செகண்டுக்கு எறிந்தால், என் கண்ணைப் பார்த்துக்கொண்டு நிற்கிறவள் கையில் விழும். சாரத்தில் நின்ற இத்தனை வருஷத்தில் கண் பார்த்தவள் கையிலிருந்து ஒரு கல்லும் தவறினதில்லை.

ஸ்டெல்லாவுக்கு எறிந்தேன்.

அவள் நெஞ்சுக்கு நேரே போய் விழுந்தது. முதல் பேஸ்காரி இன்னும் நாலு எட்டு தள்ளி வந்துகொண்டிருந்தாள். அதற்குள் மற்றவள் ஹோமைத் தொட்டுவிட்டாள். ரன் சமமாகிவிட்டது என்று எதிரணி மொத்தமும் ஓடிவந்து அவளைக் கட்டிப்பிடித்துக் குதிக்கிறார்கள். நம் கேப்டன் முகமூடியைத் தரையில் அடித்துவிட்டு என்னைப் பார்த்து ஓடி வருகிறார். இந்த முறை நடக்கவில்லை, ஓட்டம்தான். கரெஸ்பாண்டென்ட் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். செகண்ட் பேஸ் அம்பயர் ஒருத்தர் மட்டும் கையை மடக்கி மேலே தூக்கியபடி நிற்கிறார். யாரும் அவரைப் பார்க்கவில்லை.

கேப்டன் என் முன்னால் வந்து நின்றார். விமானம் அப்போதுதான் தள்ளிப் போனது.

"ஏண்டி, நான் தொண்டை கிழியக் கத்தறேன், நீ என்னைப் பார்க்கலையா?"

"நான் பார்த்தேன்க்கா. நீங்கதான் என்னைப் பார்க்கலை. அவ பார்த்தா."

அவர் ஸ்டெல்லா பக்கம் திரும்பினார். அம்பயர் கையைப் பார்த்தார். அம்பயரின் குரல் அப்போதுதான் மைதானம் முழுக்கக் கேட்டது. "அவுட்! மூணாவது அவுட்! ரன் செல்லாது!" கணக்கு டீச்சர் இல்லையா, கேப்டனுக்கு ஒரு நொடியில் கணக்குப் போட வந்துவிட்டது. என் தோளைப் பிடித்து உலுக்கினார். பிறகு என்னைத் தூக்கப் பார்த்தார், முடியவில்லை, இரண்டு பேரும் தரையில் விழுந்தோம். சாரத்து ஆட்கள் கயிற்றைத் தாண்டி உள்ளே ஓடி வந்துவிட்டார்கள். "நம்ம மேஸ்திரி! நம்ம மேஸ்திரி!" எதிரணிக்காரர்கள் இன்னும் குதித்துக்கொண்டுதான் இருந்தார்கள், அவர்களுக்குப் புரிய இன்னும் கொஞ்ச நேரம் ஆனது.

மிஸ் கடைசியாகத்தான் வந்தார். "இடத்துக்கு எறின்னு சொன்னேன். நீ கண்ணைப் பார்த்து எறிஞ்சே" என்றார்.

"தப்பா மிஸ்?"

"இனிமே நான் சொல்றதை நீயே பார்த்துக் கேட்டுக்க. எல்லாத்தையும் கேட்காதே." சொல்லிவிட்டு விசிலைக் கழற்றி என் கழுத்தில் போட்டுவிட்டுப் போனார். அது இன்னும் என்னிடம் இருக்கிறது, மழைக்காலத்தில்தான் கொஞ்சம் கரகரக்கும்.

திங்கட்கிழமை கரெஸ்பாண்டென்ட் நிரந்தர வேலைக் காகிதத்தை அவர் கையாலேயே கொண்டுவந்து கொடுத்தார். அந்த மைதானத்தில் நான் ஓய்வு பெறுகிற வரைக்கும் கோடு போட்டேன், சென்டர் ஃபீல்டில் பதினோரு வருஷம் நின்றேன். மாநில அணிக்கு ஆடினேன். டெல்லி பார்த்தேன், கல்கத்தா பார்த்தேன். ரயிலில் கேப்டன் எனக்குப் பக்கத்தில்தான் உட்காருவார், தூங்கும்போது என் தோளில்தான் சாய்வார். ஸ்டெல்லா அவள் காது சமாச்சாரத்தை அவளே கேப்டனிடம் சொன்னாள். கேப்டன் அன்றைக்கே அணிக்கு ஒரு புதுச் சட்டம் போட்டார்: பந்து அவுட்ஃபீல்டுக்குப் போனால் ஒவ்வொருத்தியும் ஒரு தடவையாவது திரும்பி, எறியப் போகிறவள் கண்ணைப் பார்க்க வேண்டும். அந்தச் சட்டத்தோடு நாங்கள் அடுத்த மூன்று வருஷமும் அந்தக் கோப்பையை யாருக்கும் விடவில்லை.

இப்போது போட்டோவுக்கு வருகிறேன். அன்றைக்கு வந்திருந்த போட்டோக்காரரும் எல்லாரையும் போல ஹோமைத்தான் எடுத்தார். அதனால்தான் அதில் பெரிசாக இருக்கிறது கேப்டனும், ஓடி வருகிற எதிரணிக்காரியும். போன மாதம் ஹாலில் மாட்டும்போது, என் முகத்தைத் தனியாக எடுத்துப் பெரிசாக்கிப் பக்கத்தில் ஒட்டுகிறோம் என்றார்கள். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். நான் நின்றது அவ்வளவு தூரத்தில், படத்திலும் அவ்வளவு தூரத்தில்தான் இருக்கணும்.

நாளைக்கு ஆட்டத்துக்குப் போகிறதுக்கு முன்னால் ஹாலுக்குள் போய்ப் பாருங்கள். படத்தில் இருக்கிற அத்தனை பேரும் ஹோமைப் பார்க்கிறார்கள், நாற்காலியிலிருந்து எழுந்த கரெஸ்பாண்டென்ட் உட்பட. கேப்டன் தோளுக்கு மேலே கண்ணைக் கொண்டுபோனால், தூரத்தில் இரண்டே இரண்டு பேர் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொண்டு நிற்பார்கள். முதுகைக் காட்டி நிற்கிறது ஸ்டெல்லா. அவளுக்கும் அந்தாண்டை, புளியமரத்துக்கு முன்னால், அரிசி அளவுக்கு, ஒரு கையை மேலே தூக்கிக்கொண்டு நிற்கிறது நான்.